குழிவாய் ஆள்

முன்னோர்களைத் தேடிக் கொடுக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பழைய கையெழுத்தை எப்படிப் படிப்பது, பூச்சி அரித்த தாளை எப்படிப் பிரிப்பது என்றெல்லாம் என்னிடம் கேட்கிறீர்கள். அது ஆறு மாதத்தில் உங்கள் கைக்குத் தானாக வந்துவிடும். வராவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். நான் சொல்ல நினைப்பது வேறொரு விஷயம். அதைச் சொல்வதற்கு எனக்கே கொஞ்சம் வெட்கமாகவும் இன்னும் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அந்தக் காலத்தில் கானேஷுமாரி என்று பேர். வீடு வீடாக எழுதிய அசல் தாள்களை எண்ணி முடித்ததும் கழித்துவிடுவார்கள். எங்கோ ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் ஒருவர் தன் வீட்டுக்கென்று எடுத்துவைத்த நகல் மட்டும் பரணில் தப்பிக் கிடக்கும். நம்மிடம் இருப்பவை அப்படி விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து சேர்ந்த சில கட்டுகள்தான். ஆவண அறையில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றபின் நான் தூசி தட்டியது அவற்றைத்தான். அந்தத் தாள்களில் பேர், உறவு, வயது, தொழில் என்று கலங்கள் வரிசையாக இருக்கும். வருகிறவர்கள் கேட்பது தொழில் கலத்தை மட்டும். தாத்தா என்ன வேலை பார்த்தார்? அவ்வளவுதான். நீங்களும் செல்போனில் அந்த ஒரு கலத்தைப் படம் பிடித்து, விரலால் பெரிதாக்கி, படித்துச் சொல்லி அனுப்பிவிடுகிறீர்கள். நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அந்தக் கலம் ஆளைப் பயமுறுத்தவும் செய்யும். கோட்டக்குப்பத்திலிருந்து ஒருவர் வந்தார். வளைகுடாவில் இருபது வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர், நல்ல வாட்டசாட்டமான ஆள். அவருடைய பாட்டனாரின் தொழில் "எலும்பு அரைக்கிறவர்" என்று இருந்தது. படித்துச் சொன்னேன். மனிதர் வெளுத்துப்போய், "யாரு எலும்புங்க?" என்று மெதுவாகக் கேட்டார். மாட்டு எலும்பு, உரத்துக்காக ஆலையில் அரைப்பது என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் இரண்டு டீ ஆகிவிட்டது. அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். பயங்கரமாகத் தெரிகிற தொழிலெல்லாம் கடைசியில் சாதாரணமாகத்தான் இருக்கும் என்று ஒரு மிதப்பு எனக்கு அப்போது வந்துவிட்டது.

அந்த மிதப்பில் இருந்தபோதுதான் பிரம்மதேசம் பக்கத்திலிருந்து செல்வராஜ் வந்தார். சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற விவசாயி. கூடவே மனைவி கலா, தம்பி முருகன். நிலத்தின் கோடியில் இருந்த முள்ளுக்காட்டை ஜேசிபி விட்டு எடுத்திருக்கிறார்கள். அடியில் ஒரு பெரிய கல் பலகை. அதை நகர்த்தினால் வட்டமாகச் செங்கல் கட்டிய குழி.

"மூணு ஆள் ஆழம் இருக்கும்மா. அடியில கறுப்பா சேறு" என்றார் செல்வராஜ். "தூர் வாரி, போர் தண்ணிய அதுல தேக்கிக்கினா மல்லாட்டைப் பயிருக்கு ஆவும். ஆனா இவ வாணான்றா."

"நான் வாணான்னு சொல்லல" என்றாள் கலா. "அந்தக் குழிக்கு நம்ம கொள்ளுத்தாத்தாதான் ஆளுன்னு அத்த சொல்லிக்கினே இருப்பாங்க. இன்னா ஆளு, இன்னா வேலை, அவங்களுக்கே தெரியாம போய்ச் சேந்துட்டாங்க. அது தெரியட்டும், அப்பறம் எறங்கலாம்னுதான் சொன்னேன்."

இறங்கப்போகிறவன் முருகன். முப்பது வயதிருக்கும். மேசை மேல் இருந்த என் பூதக்கண்ணாடியை எடுத்துத் தன் உள்ளங்கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "நீங்க பாத்துச் சொல்லுங்கம்மா. நீங்க எறங்குன்னா எறங்கிடறேன்" என்றான்.

அந்த ஊர்க் கட்டு என்னிடம் இருந்தது. கொள்ளுத்தாத்தா பேர் ஏழுமலை. தேடி எடுக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தொழில் கலத்தைச் செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். "அவுரி ஆலை, குழிவாய் ஆள்" என்று தெளிவாக இருந்தது. அவுரி என்பது நீலச் சாயம் எடுக்கிற செடி. ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் அதன் தொட்டிகள்தான். குழியின் வாயில் நிற்கிற ஆள் என்றால் காவல்காரர், வேறென்ன?

"சரக்குக் குழிக்குக் காவல் இருந்திருக்காருப்பா" என்றேன். "சாயக் கட்டிய அடுக்கி வச்ச கிடங்கா இருக்கும். பயப்பட ஒண்ணுமில்ல." அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். முருகன் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு எழுந்தான்.

ஒரு வாரம் போனது. ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குக் கலா போன் செய்தாள்.

"அம்மா, இன்னைக்கு தம்பி எறங்கறான். வேலை முடிஞ்சா மத்தியானம் நாட்டுக்கோழி கொழம்பு. நீங்க அவசியம் வரணும். இப்பவே கெளம்பிக்கினு இருக்கேன், நான்தான் பேர் கூப்பிடணும்."

"பேர் கூப்பிடறதுன்னா?"

"எங்க வூட்டுப் பழக்கம்மா. கெணத்துல யாரு எறங்கினாலும் மேல ஒருத்தர் நின்னுக்கினு பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கினே இருக்கணும். உள்ள இருக்கறவங்க 'இருக்கேன்'னு சொல்லணும். இடுப்புல கயிறு கட்டிக்கினுதான் எறங்கணும். வெளியாளு கூப்பிடக் கூடாது. ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியாது, அப்படித்தான்." சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கட்டை எடுத்து முழுத் தாளையும் மேசையில் விரித்தேன். முதல் முறையாக என்றுதான் சொல்ல வேண்டும்.

அதே தெருவில், ஏழுமலை வீட்டுக்கு முன்னால், இன்னொரு ஆள். தொழில் கலத்தில் "அவுரி ஆலைக் காவல்" என்று இருந்தது. எழுதியவருக்குக் காவல் என்ற வார்த்தை தெரியாமல் இல்லை. காவல்காரரைக் காவல் என்றே எழுதியிருக்கிறார். அப்படியானால் ஏழுமலையைக் குழிவாய் ஆள் என்று ஏன் எழுத வேண்டும்?

ஏழுமலைக்கு அடுத்த வரியைப் படித்தேன். தம்பி வேலு, அவுரி ஆலை, குழி ஆள். அதற்கும் அடுத்து, தம்பி சின்னக்கண்ணு, குழி ஆள். தாளைத் திருப்பினேன். வேறொரு வீடு. அண்ணன் குழிவாய் ஆள், தம்பி குழி ஆள். இன்னொரு வீட்டில் தாய்மாமன் குழிவாய் ஆள், மருமகன் குழி ஆள். அந்த ஊரில் குழிவாய் ஆள் என்று எழுதப்பட்ட ஐந்து பேரும் அப்படித்தான். தனியாக ஒருத்தர்கூட இல்லை. ஒவ்வொருவருக்கும் கீழ் வரியில் அவருடைய ரத்த சொந்தம் ஒன்று குழிக்குள் இருந்தது.

அப்போதுதான் விளங்கியது. அவுரிச் செடியைத் தண்ணீரில் ஊறப்போட்டு அழுகவிடுவார்கள். சாயம் எடுத்தபின் மிஞ்சுகிற சக்கையும் சேறும் ஒரு குழியில் போய் விழும். அதை ஆள் இறங்கித்தான் அள்ள வேண்டும். அழுகலில் எழும் விஷக்காற்றுக்கு நிறமும் கிடையாது, சத்தமும் கிடையாது. உள்ளே இருப்பவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, மேலே இருந்து அவனைக் கூப்பிடுவது. பதில் நின்றால் கயிற்றை இழுப்பது. அந்தக் காரியத்துக்குக் கூலிக்கு வந்த வெளியாளை யார் நம்புவார்கள்? சொந்த அண்ணனைத்தான் நிறுத்துவார்கள்.

அந்தக் குழியில்தான் பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

கலாவுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. செல்வராஜும் எடுக்கவில்லை. தெருமுனை ஆட்டோவில் ஏறி மரக்காணம் ரோட்டில் பிரம்மதேசத்துக்குப் போகச் சொன்னேன். வழியெல்லாம் போனை அழுத்திக்கொண்டே போனேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஏம்மா பேஜாரா கீறீங்க, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "இன்னும் இல்ல, ஜல்தியா போப்பா" என்றேன். அவருக்கு அது புரிந்திருக்காது. ஆனால் வேகமாகத்தான் ஓட்டினார்.

வரப்பில் ஓடும்போதே கலாவின் குரல் கேட்டது. குழியின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். செல்வராஜ் கயிற்றைப் பனைமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார்.

"முருகா."

"இருக்கேன்."

அந்தப் பதிலைக் கேட்டதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை என்று நினைத்தேன். கலா திரும்பிப் பார்த்து, "வாங்கம்மா, கொழம்பு இன்னும் ஆவல" என்றாள்.

"மேல இழுங்க அவன" என்றேன் செல்வராஜிடம்.

"எறங்கி அஞ்சு நிமிஷம்கூட ஆவலம்மா. நல்லா பதில் சொல்லிக்கினுதானே கீறான்."

அவர் சொன்னது நியாயம்தான். கலா மறுபடியும் கூப்பிட்டாள், பதில் வந்தது. இன்னொரு முறை, பதில் வந்தது. நான் கயிற்றைப் பார்த்தேன். அது அசையவில்லை. சேறு அள்ளுகிறவன் குனிவான், நிமிர்வான், கயிறு கொஞ்சமாவது ஆட வேண்டாமா? அதன் பிறகு அந்தக் குரலைக் கவனித்துக் கேட்டேன். கலா ஒரு முறை உரக்கக் கூப்பிட்டாள், ஒரு முறை என்னோடு பேசிக்கொண்டே அலட்சியமாகக் கூப்பிட்டாள். பதில் மட்டும் ஒரே அளவில் வந்தது. ஒரே இடைவெளி, ஒரே அழுத்தம்.

இது நம் தொழிலில் பழகிய விஷயம், உங்களுக்கும் பழகிவிடும். கணக்கெடுக்க வந்தவர் வீடு வீடாகப் போகாமல் ஓரிடத்தில் உட்கார்ந்து தாளை நிரப்பியிருந்தால் நமக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி இருக்கும். எழுத்து இருக்கும், எதிரில் ஆள் இருந்திருக்க மாட்டான். அந்தப் பதிலைக் கேட்டபோது எனக்கு அதுதான் தோன்றியது.

"நான் எழுதிக் குடுத்தது தப்பு" என்றேன். அதைச் சொல்ல அந்த நேரத்திலும் எனக்கு நாக்குக் கூசியது. "அவரு காவல்காரர் இல்ல. இந்தக் குழி ஆளக் கொல்ற குழி. பதில நம்பாதீங்க. இழுங்க."

செல்வராஜ் ஒரு நொடி என்னை முறைத்தார். பிறகு இழுக்க ஆரம்பித்தார். இரண்டு கை இழுத்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. உயிருள்ள ஆள் சுவரில் காலை ஊன்றி ஏறுவான், கயிறு இலேசாகும். இது மூட்டை போலக் கனத்தது. என் பின்னால் வந்த ஆட்டோக்காரரும் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்.

கலா விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"முருகா."

"இருக்கேன்."

முதலில் அவன் தலை வெளியே வந்தது, மார்பில் தொங்கியபடி. வாய் திறந்திருந்தது. உதட்டில் சேறு. கண் பாதி மூடியிருந்தது. அவனை இழுத்து வரப்பில் கிடத்தினோம். கலா அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேராகக் குனிந்து, "முருகா" என்று கூப்பிட்டாள்.

அவன் உதடு அசையவில்லை. "இருக்கேன்" என்று குழிக்குள்ளிருந்து பதில் வந்தது.

நான்கு பேரும் கேட்டோம். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஆட்டோக்காரர்தான் முதலில் சுதாரித்து முருகனைக் குப்புறப் புரட்டி முதுகில் தட்டினார். அவன் ஒரு முறை இருமினான், பிறகு மூச்சை இழுத்தான். அந்த மூச்சுச் சத்தத்தைப் போல இனிமையானதை நான் கேட்டதில்லை. ஜேசிபி வைத்து நகர்த்திய கல் பலகையைச் செல்வராஜ் ஒருவராகவே தோள் கொடுத்துத் தள்ளிக் குழியை மூடினார். எப்படித் தள்ளினார் என்று இன்றைக்குக் கேட்டால் அவருக்கே தெரியாது.

திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தான் முருகன். பிழைத்துவிட்டான். கண் விழித்ததும் நான் கேட்டது ஒன்றுதான், எது வரைக்கும் பதில் சொன்னாய் என்று.

"அண்ணி மூணு தடவ கூப்பிட்டது வரைக்கும் தெரியும்மா. நாலாவது தடவ கேட்டுச்சு, சொல்ல வாய் வரல."

கலா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவள் கூப்பிட்டது பதினைந்து முறைக்குக் குறையாது.

ஆஸ்பத்திரியில் ஒருவர் அது எதிரொலியாக இருக்கும் என்று சொன்னார். படித்தவர்தான். எதிரொலி என்றால் "முருகா" என்றல்லவா திரும்பி வந்திருக்க வேண்டும்? நான் வாதம் செய்யவில்லை, எனக்கும் வேறு விளக்கம் தெரியாது. "நீங்க வரலன்னா இந்நேரம் நான் இல்ல" என்று முருகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் அந்தத் தாளை எழுதியிராவிட்டால் அவன் இறங்கியே இருக்க மாட்டான் என்பதை அவனிடம் சொன்னேன். அவனுக்கு அது பெரிதாகப் படவில்லை. எனக்குப் படுகிறது. இன்றைக்கும் அவன் எதிரில் வந்தால் எனக்குத் தலை குனிகிறது.

நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கஷ்டமானதில்லை. ஒரு தொழில் புரியவில்லை என்றால் "புரியவில்லை" என்று எழுதிக் கொடுங்கள். அதனால் உங்கள் மரியாதை குறையாது. மேல் வரி கீழ் வரி பார்க்காமல் ஒரு கலத்தைப் படிக்காதீர்கள். நாம் செத்தவர்களைப் பற்றி எழுதிக் கொடுக்கிறோம், ஆனால் அதை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அந்த ஊரின் மற்ற நான்கு குழிவாய் ஆள்களில் இருவருடைய வாரிசுகளுக்கும் நான் முன்பே காவல்காரர் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். இருவரையும் தேடிப்போய்த் திருத்திக் கொடுத்தேன். நல்லவேளையாக அவர்கள் நிலத்தில் குழி எதுவும் இல்லை.

குழியை இரண்டு லோடு மண் அடித்து நிரப்பினார்கள். அதன் பிறகு செல்வராஜ் என் பழைய தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இத மாத்தி எழுதிக் குடுங்கம்மா. நம்ம புள்ளைங்களுக்கு வேணும்" என்றார்.

இந்த முறை அவசரப்படவில்லை. அடுத்த கானேஷுமாரிக் கட்டையும் எடுத்தேன். பத்து வருஷம் கழித்து எழுதியது. ஏழுமலை வீட்டைக் கண்டுபிடித்து, விரல் வைத்து இடமிருந்து வலமாக ஒவ்வொரு கலமாகப் படித்தேன். வேலுவும் சின்னக்கண்ணுவும் அந்த வீட்டில் இல்லை. அவர்கள் இடத்தில் இரண்டு பெண்கள், இருவருக்கும் உறவுக் கலத்தில் தம்பி மனைவி, பக்கத்தில் விதவை. கூப்பிடும் பழக்கத்தை அந்த வீட்டில் பின்னால் வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். ஏழுமலைக்கு நாற்பது வயதுதான். தொழில் கலத்தில் "இல்லை" என்று இருந்தது. பழைய தாள்களில் உடற்குறையை எழுதுவதற்குக் கடைசியில் ஒரு கலம் உண்டு. பெரும்பாலும் அது காலியாகத்தான் இருக்கும், நாமும் அதைப் பார்ப்பதில்லை. அவருக்கு நேரே "ஊமை" என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில், "பிறவியில் அல்ல. காது கேட்கிறது."

பதில் வராமல் போன அதிர்ச்சியில் வாய் அடைத்துவிட்டது என்று அந்த ஊரில் அன்றைக்குப் பேசியிருப்பார்கள். அந்தக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்காவிட்டால் நானும் அதையே நினைத்திருப்பேன். பதில் நிற்கவில்லை என்பதால்தான் அவர் கயிற்றை இழுக்காமல் இருந்திருப்பார். இரண்டு தம்பிகளையும் மேலே எடுத்துக் கிடத்திய பிறகு கலாவைப் போலத்தான் அவரும் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். பதில் அப்போதும் குழிக்குள்ளிருந்து வந்திருக்கும். அதன் பிறகு அவர் யாரையும் கூப்பிடவில்லை.

தாளை மாற்றி எழுதி நானே பிரம்மதேசத்துக்குக் கொண்டுபோனேன். கலா நின்றபடியே படித்தாள். ஏழுமலை ஊமையானதைச் சொல்லும் கடைசி வரியை இரண்டு முறை படித்தாள் என்று நினைக்கிறேன். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, "காபி போடறேம்மா" என்றாள். முருகன் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். காபி ஆறுகிறதே என்று அவனைக் கூப்பிட வாசற்படியில் நின்று வாயைத் திறந்தவள், மூடிக்கொண்டாள். படியிறங்கி, முற்றத்தைத் தாண்டி நடந்துபோய், அவன் தோளைத் தொட்டு அழைத்துக்கொண்டு வந்தாள்.